வேண்டாம் என்று சொல்லும் மரபணு

தர்மபுரி மாவட்டத்தின் பேருந்து நிலையச் சுவர்களில் 'மூலம், பௌத்திரம்' என்ற விளம்பரத்துக்குப் பஞ்சமில்லை. மலத்தோடு இரத்தம் போனால் அது மூலம்தான் என்று பாலக்கோட்டிலும் அரூரிலும் பென்னாகரத்திலும் வீட்டிலேயே முடிவாகிவிடுகிறது. நாட்டு மருந்து, களிம்பு, காரத்தைக் குறைப்பது என்று மாதங்கள் ஓடுகின்றன. எடை குறைந்து, இரத்தசோகை வந்து, கடைசியில் யாரோ ஒரு மருத்துவர் கொலோனோஸ்கோப்பி செய்யச் சொல்லும்போது, கட்டி மலக்குடலைத் தாண்டிக் கல்லீரலுக்குப் போயிருக்கும் வாய்ப்பு அதிகம். அதற்குப் பிறகு சேலம், பெங்களூரு கித்வாய், சென்னை அடையாறு, வேலூர் சிஎம்சி என்று எங்கே போனாலும் ஒரு கட்டத்தில் காதில் விழும் வாக்கியம் இது: "பிளாக்கை அனுப்பி மார்க்கர் பார்த்துவிடலாம்."

பிளாக் என்பது பயாப்ஸி சதையை மெழுகில் பதித்து வைத்த சிறு கட்டி. மார்க்கர் என்பது அந்தச் சதையின் மரபணுக்களில் ஏற்பட்டிருக்கும் மாற்றம். எந்த மருந்து இந்த நோயாளிக்கு வேலை செய்யும், எது செய்யாது என்று அதை வைத்துக் கணிக்கிறார்கள். இந்தத் துறையைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் புதிய மருந்துகளின் வரிசையாகவே எழுதப்படுகின்றன. 15 லட்சம் மக்கள்தொகையும் 2008இல் தொடங்கிய ஒரே அரசு மருத்துவக் கல்லூரியும் கொண்ட ஒரு மாவட்டத்தில் நின்று பார்த்தால் அந்த வரிசை மாறிவிடுகிறது. இங்கே ஒரு மார்க்கரின் முதல் பயன், எந்த மருந்துக்காக நிலத்தை அடகு வைக்கக் கூடாது என்று சொல்வதுதான். குடல் புற்றுநோயில் இருபது ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் ஆதாரங்களில் உறுதியானவையும் அப்படி 'வேண்டாம்' என்று சொல்பவைதான்.

கதை ஒரு தவறான மார்க்கரில் தொடங்குகிறது. புற்றணுக்களின் மேற்பரப்பில் ஈஜிஎஃப்ஆர் என்று ஒரு புரதம் இருக்கிறது. வெளியிலிருந்து 'வளர்' என்ற செய்தி அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. அதை அடைக்கும் செடுக்சிமாப் என்ற மருந்துக்கு 2004 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கட்டியில் ஈஜிஎஃப்ஆர் இருப்பதைச் சாயமேற்றிக் காட்டினால்தான் மருந்து தரலாம் என்பது நிபந்தனை. இலக்கு இருந்தால்தானே அம்பு தைக்கும் என்ற தர்க்கம். ஆனால் அடுத்த ஆண்டே நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை, சாயம் ஏறாத கட்டி உள்ள 16 பேருக்கு இந்த மருந்தைக் கொடுத்ததில் 4 பேருக்குக் கட்டி சுருங்கியதாகத் தெரிவித்தது. அர்த்தமுள்ளதாகத் தோன்றிய சோதனை எதையும் கணிக்கவில்லை. காரணம் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதாலேயே ஒரு மார்க்கரை நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்தத் துறையில் இல்லை.

சரியான மார்க்கர் ஒரு படி உள்ளே இருந்தது. ஈஜிஎஃப்ஆரை வீட்டு வாசலில் உள்ள அழைப்பு மணிப் பொத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். செடுக்சிமாப் அந்தப் பொத்தானை யாரும் அழுத்த முடியாதபடி மூடி போடுகிறது. சுவருக்குள்ளே கம்பி ஷார்ட் ஆகி மணி தானாகவே அடித்துக்கொண்டிருந்தால் மூடி போட்டு என்ன பயன்? அந்த உட்கம்பிதான் கே-ராஸ். 2006இல் பிரான்ஸைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 30 நோயாளிகளின் கட்டிகளைப் பரிசோதித்தார்கள். மருந்துக்குப் பலன் காட்டிய 11 பேரில் ஒருவருக்குக்கூட கே-ராஸ் மாற்றம் இல்லை. பலன் காட்டாத 19 பேரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இருந்தது.

முப்பது பேரை வைத்து உலகம் முடிவெடுக்காது. 2008இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள்தான் கேள்வியை முடித்துவைத்தன. அதே வகை மருந்தான பனிடுமுமாப் ஆய்வில், கே-ராஸ் மாறாதவர்களில் 17 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது. மாறியவர்களில் ஒருவருக்கும் இல்லை. கனடாவும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து செய்த செடுக்சிமாப் ஆய்வில், கே-ராஸ் மாறாதவர்களின் சராசரி ஆயுள் 4.8 மாதத்திலிருந்து 9.5 மாதமாக உயர்ந்தது. மாறியவர்களுக்கு மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான். கவனிக்க வேண்டிய ஒன்று: இந்த ஆய்வுகள் நடந்தபோது கே-ராஸ் கேள்வியே அவற்றின் திட்டத்தில் கிடையாது. சேமித்து வைத்திருந்த மெழுகுக் கட்டிகளைப் பின்னர் எடுத்துப் பார்த்துதான் விடை கண்டார்கள். 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மருந்தின் குறிப்பேட்டையே மாற்றியது.

அதோடு நிற்கவில்லை. முதலில் கே-ராஸ் மரபணுவின் ஒரு பகுதியை மட்டும், இரண்டாவது எக்ஸானை மட்டும், பார்த்தார்கள். 2013இல் வெளியான ப்ரைம் ஆய்வின் மறுபகுப்பாய்வு, அந்தப் பகுதியில் மாற்றம் இல்லை என்று சான்று பெற்றவர்களில் 17 விழுக்காட்டினருக்கு கே-ராஸின் வேறு பகுதிகளிலோ அதன் உறவான என்-ராஸிலோ மாற்றம் இருப்பதைக் காட்டியது. ஏதேனும் ஒரு ராஸ் மாற்றம் உள்ளவர்களுக்கு கீமோவோடு பனிடுமுமாப் சேர்த்தபோது ஆயுள் கூடவில்லை, 19.2 மாதத்திலிருந்து 15.6 மாதமாகக் குறைந்தது. பயனில்லாத மருந்து என்பது ஒன்று, கெடுதல் செய்யும் மருந்து என்பது வேறு. இந்த எண்களைப் படித்த பிறகு, 'டெஸ்டுக்குக் காசில்லை, மருந்தைப் போட்டுப் பார்ப்போம்' என்ற பேச்சுக்கு இடமில்லை. அரைகுறை சோதனைக்கும் இடமில்லை. குறைந்த கட்டணத்தில் கே-ராஸ் இரண்டாவது எக்ஸானை மட்டும் பார்த்துத் தரும் அறிக்கை கையில் இருந்தால், முழு ராஸ் பார்த்தாயிற்றா என்று கேட்பது நோயாளியின் உரிமை.

மேலைநாட்டு ஆய்வுகளில் குடல் புற்றுநோயாளிகளில் பாதிப்பேருக்கு ஏதோ ஒரு ராஸ் மாற்றம் இருக்கிறது. இந்தியாவில் வெளியான ஆய்வுகளில் கே-ராஸ் அளவு சுமார் 20 விழுக்காட்டிலிருந்து 40க்கு மேல் வரை ஊசலாடுகிறது. இந்த ஊசலாட்டம் முழுவதும் நம் மரபணுவின் விசேஷம் என்று நான் நினைக்கவில்லை. எந்தக் கருவி, எத்தனை எக்ஸான், பிளாக் எந்த நிலையில் வந்தது என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கின்றன.

அசல் செடுக்சிமாப்பின் ஒரு மாதச் செலவு லட்ச ரூபாயைத் தாண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குத் தரும் உச்சவரம்பு 5 லட்சம். அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் அதற்குள்தான். இந்தக் கணக்கில் ஒரு ராஸ் பரிசோதனையின் சில ஆயிரம் ரூபாயைச் செலவு என்று எழுதுவதே பிழை. மாற்றம் இருப்பதாகத் தெரியவரும் ஒவ்வொருவருக்கும் அது லட்சங்களை மிச்சப்படுத்துகிறது.

காசே இல்லாத மார்க்கர்களும் உண்டு. கட்டி குடலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது அதில் ஒன்று. கருவில் குடலின் வலப்பகுதியும் இடப்பகுதியும் வெவ்வேறு இடங்களிலிருந்து உருவாகின்றன. பிறகு வரும் புற்றுநோயின் குணமும் வேறுபடுகிறது. 2016இல் அலசப்பட்ட ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், கே-ராஸ் மாறாத இடப்பக்கக் கட்டிக்கு செடுக்சிமாப் பெற்றவர்கள் சராசரியாக 36 மாதம் வாழ்ந்தார்கள். வலப்பக்கக் கட்டிக்கு அதே மருந்து பெற்றவர்கள் 16.7 மாதம்தான். வலப்பக்கத்தில் அதற்குப் பதிலாக பெவசிசுமாப் என்ற வேறு மருந்து பெற்றவர்கள் 24.2 மாதம். மரபணு ஒன்றுதான், மருந்து ஒன்றுதான், இடம் மாறியதும் விடை மாறிவிட்டது. பின்னர் ஜப்பானின் பாரடைம் ஆய்வு இடப்பக்கக் கட்டிகளுக்கு பெவசிசுமாப்பைவிட பனிடுமுமாப்பே மேல் என்று நேரடியாக ஒப்பிட்டு உறுதிசெய்தது.

இது நமக்கு முக்கியம். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை ஓராண்டில் பதிவான 800 குடல் புற்றுநோயாளிகளை ஆராய்ந்தபோது சராசரி வயது 47. மலக்குடல் கட்டிகளே மிகுதி. மேலைநாடுகளில் இது அறுபது, எழுபது வயதுக்காரர்களின் நோய். மலக்குடல் இடப்பக்கக் கணக்கில் வருவதால் செடுக்சிமாப் வகை மருந்துக்குப் பொருத்தமானவர்கள் இங்கே அதிகம் இருக்க வேண்டும். ஆனால் அதே பட்டியலில் சிக்னெட் ரிங் என்னும் முரட்டு வகையும் அதிகம். சுமார் 13 விழுக்காடு. அந்த வகை எந்த மருந்துக்கும் எளிதில் அடங்குவதில்லை. மேலைநாட்டு எண்களை அப்படியே எடுத்துத் தர்மபுரி நோயாளிக்குச் சொல்லும் மருத்துவர் இந்த இரண்டையும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு இலவச மார்க்கர் முகத்தில் தெரியும். செடுக்சிமாப் பெறுபவர்களுக்கு முகப்பரு போலக் கொப்புளங்கள் வரும். அவை நன்றாக வந்தவர்களுக்கு மருந்தும் நன்றாக வேலை செய்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. என்ன, முதல் தவணைக்குப் பணம் கட்டிய பிறகுதான் அது தெரியும்.

பி-ராஃப் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. இந்த மரபணுவின் வி600இ என்ற மாற்றம் தோல் புற்றுநோயான மெலனோமாவிலும் வரும், குடலிலும் வரும். வெமுராஃபெனிப் என்ற மாத்திரை மெலனோமாவில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பலன் தந்தது. குடலில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூடச் சரியாக இல்லை. ஒரே மாற்றம், ஒரே மாத்திரை, பிறகு ஏன்? 2012இல் ஆம்ஸ்டர்டாமில் உள்ள நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனம் காரணம் கண்டது. குடல் அணுவில் பி-ராஃபை அடைத்தவுடன் மேலே ஈஜிஎஃப்ஆர் விழித்துக்கொண்டு வேறு வழியில் செய்தியை அனுப்பிவிடுகிறது. இரண்டையும் சேர்த்து அடைக்க வேண்டும். 2019இல் பீக்கன் ஆய்வு அதைச் செய்து காட்டியது. என்கோராஃபெனிப்போடு செடுக்சிமாப் தந்தபோது ஆயுள் 5.4 மாதத்திலிருந்து 8.4 மாதமாகக் கூடியது. மூன்று மாதம். தர்மபுரியிலிருந்து பார்க்கும்போது இந்த மார்க்கர் ஒரு மருந்தின் சாவி என்பதைவிட, நோய் வேகமாகப் போகும் என்ற எச்சரிக்கை. அந்த அளவில் அது பயனுள்ளதே.

மற்ற மார்க்கர்கள் அரிதானவை: ஹெர்-2 பெருக்கம் சுமார் 3 விழுக்காட்டினருக்கு, கே-ராஸ் ஜி12சி மாற்றம் 3 முதல் 4 விழுக்காட்டினருக்கு, என்டிஆர்கே அதைவிட அரிது. மூன்றுக்கும் இப்போது மருந்துகள் வந்துவிட்டன. ஜி12சி-க்கான இரட்டை மருந்துகள் 2024, 2025இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. முப்பதாண்டுக்கும் மேலாக மருந்தே செய்ய முடியாது என்று கைவிடப்பட்ட கே-ராஸ் மசிந்தது அறிவியலுக்குப் பெரிய வெற்றி. நம் மாவட்டத்துக்கு இன்னும் வராத வெற்றி.

மாறாக, மிஸ்மேட்ச் ரிப்பேர் சோதனை இன்றைக்கே இங்கே வர வேண்டியது. அணு பிளவுபடும்போது டிஎன்ஏ எழுத்துப்பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்கள் உள்ளன: எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2. இவற்றில் ஒன்று காணாமல் போன கட்டிகளில் பிழைகள் குவிகின்றன. உடலின் எதிர்ப்பு அணுக்களுக்கு அந்தக் கட்டி அந்நியமாகத் தெரிகிறது. இதைக் கண்டுபிடிக்க மரபணு வரிசைப்படுத்தும் இயந்திரம் தேவையில்லை. நான்கு சாயங்கள், ஒரு மைக்ராஸ்கோப், பழகிய கண் போதும்.

இந்தச் சோதனையும் முதலில் 'வேண்டாம்' என்றுதான் சொல்கிறது. இரண்டாம் நிலையில், நிணநீர்க் கணுவுக்குப் பரவாத கட்டியில், இந்தக் குறைபாடு இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு. ஃப்ளோரோயுரசில் மட்டும் தரும் ஆறு மாத கீமோவால் பலனும் இல்லை. கூலி வேலையை விட்டுவிட்டுப் பதினைந்து நாளுக்கொருமுறை பஸ் ஏற வேண்டாம். பிறகு 'வேண்டும்' என்றும் சொல்கிறது. பரவிய நிலையில் இத்தகைய கட்டி உள்ளவர்கள் 4, 5 விழுக்காடுதான். ஆனால் 2020இல் வந்த கீநோட்-177 ஆய்வில், கீமோ நோயை 8.2 மாதம் அடக்கிவைத்த இடத்தில் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிவிடும் பெம்ப்ரோலிசுமாப் 16.5 மாதம் அடக்கியது. இதே குறைபாடு உள்ள மலக்குடல் கட்டிக்கு மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் தந்த, அதே வகை மருந்தான டோஸ்டார்லிமாப்பின் முடிவு இன்னும் வியப்பு: 2022இல் முதல் 12 பேர், 2025இல் 49 பேர், சிகிச்சையை முடித்த அத்தனை பேருக்கும் கட்டி மறைந்தது. அறுவை இல்லை, கதிர்வீச்சு இல்லை, மலம் வெளியேற வயிற்றில் பை இல்லை. வயல் வேலை செய்யும் ஒருவருக்கு அந்தப் பை என்றால் என்ன என்று மாவட்ட மருத்துவமனைச் செவிலியர்களைக் கேட்டால் தெரியும்.

விலைதான் தடை. பெம்ப்ரோலிசுமாப்பின் தவணைகள் லட்சங்களில் நடக்கின்றன. 2025இல் உலக சுகாதார நிறுவனம் இந்த மருந்தை, இத்தகைய குடல் புற்றுநோய்க்கும் சேர்த்து, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏற்றியது. அரசுகள் பேரம் பேசுவதற்கு அது ஒரு பிடி. 2012இல் உருவான தேசியப் புற்றுநோய் வலையமைப்பு பல மருத்துவமனைகளுக்காகச் சேர்ந்து மருந்து வாங்கி விலையை வெகுவாகக் குறைத்துக் காட்டியிருக்கிறது. டாடா மெமோரியல் மருத்துவர்கள் தலை, கழுத்துப் புற்றுநோயில் இதே வகை மருந்தான நிவோலுமாப்பை வெறும் 20 மில்லிகிராம் அளவில் கீமோவோடு சேர்த்துக் கொடுத்து, ஓராண்டு உயிர்வாழ்வோர் விகிதம் 16.3இலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்ததை 2022இல் வெளியிட்டார்கள். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. குடலில் அந்த அளவு போதுமா என்பதை நம் நாட்டில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். தன் மருந்து விற்பனையைக் குறைக்கும் ஆய்வுக்கு எந்த நிறுவனம் பணம் போடும்?

இந்த மிஸ்மேட்ச் ரிப்பேர் குறைபாடு மரபுவழி வந்ததாக இருந்தால், அதாவது லிஞ்ச் நோய்க்குறி என்றால், விடை நோயாளியோடு முடிவதில்லை. அண்ணன், தங்கை, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அந்த மரபணு வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அவர்களுக்கு இருபதுகளிலேயே தொடங்கி ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டில் 28 விழுக்காடு திருமணங்கள் சொந்தத்துக்குள் நடக்கின்றன. இந்திய மாநிலங்களில் மிக உயர்ந்த அளவு இது. லிஞ்ச் வர ஒரு பக்கத்துப் பழுதே போதும். ஆனால் அக்காள் மகளைக் கட்டும் வழக்கம் உள்ள இடத்தில் இரண்டு பக்கத்துப் பழுதும் ஒரே குழந்தையில் சேரக்கூடும். அப்போது சிறு வயதிலேயே மூளையிலும் குடலிலும் இரத்தத்திலும் புற்றுநோய் வரும். குடும்ப வரலாறு எழுதும்போது 'சொந்தத்தில் கல்யாணமா' என்ற கேள்வியைப் புற்றுநோய்ப் பிரிவிலும் கேட்பது நல்லது.

இவ்வளவும் அந்த மெழுகுக் கட்டி நல்லபடி இருந்தால்தான். ஆய்வுக் கட்டுரைகள் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த இடத்தில்தான் மாவட்ட அளவில் பாதிச் சோதனைகள் தோற்கின்றன என்பது என் எண்ணம். எடுத்த சதை உடனே பத்து மடங்கு அளவு ஃபார்மலினுக்குள் போக வேண்டும். அது பஃபர் சேர்த்த, நடுநிலையான பத்து விழுக்காட்டு ஃபார்மலினாக இருக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையவும் கூடாது, மூன்று நாளைத் தாண்டவும் கூடாது. பஃபர் இல்லாத ஃபார்மலின் அமிலமாகி டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கும். வெள்ளிக்கிழமை மாலை அறுவை, திங்கள் அரசு விடுமுறை என்றால் சதை நாலு நாள் டப்பாவிலேயே கிடக்கும். மைக்ராஸ்கோப்பில் புற்றுநோய் என்று சொல்ல அது போதும். மரபணு படிக்கப் போதாது. மலக்குடல் நோயாளிக்கு இன்னொரு சிக்கல். கதிர்வீச்சுக்குப் பிறகு எடுத்த குடலில் புற்றணுக்கள் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். அதனால் சிகிச்சைக்கு முன் எடுத்த பயாப்ஸியே சோதனைக்கு உகந்தது. அதுவோ அரிசி மணி அளவுச் சதை. கொலோனோஸ்கோப்பியின்போதே நாலைந்து துண்டு கூடுதலாக எடுத்து வைத்தால் பின்னால் ஒரு பெங்களூரு பயணம் மிச்சம். இதற்குப் புது இயந்திரம் எதுவும் வேண்டாம். பஃபர் கலக்கத் தெரிந்த ஒரு லேப் டெக்னீஷியனும் டப்பாவில் நேரத்தை எழுதும் பழக்கமும் போதும்.

இரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏவைப் படிக்கும் முறை இந்தத் தொல்லையை ஒருநாள் குறைக்கலாம். செடுக்சிமாப் பெற்றுவரும்போது புதிதாக ராஸ் மாற்றம் முளைப்பதை 2012லேயே அப்படிக் கண்டுபிடித்தார்கள். மருந்தை நிறுத்தினால் அந்த மாற்றம் தேய்வதும் தெரிந்தது. இப்போதைக்கு அது பெருநகர வசதி.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியபோது வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையும் எடுத்துக்கொண்டது. குடல் அதில் இல்லை. எண்ணிக்கையைப் பார்த்தால் அது நியாயமான முடிவே. நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 70,000 புதிய குடல் புற்றுநோய்கள், மக்கள்தொகைக்கு இது குறைந்த விகிதம்தான். அதனால்தான் முற்றிய நிலையில் வருபவர்களுக்குச் செய்யும் மார்க்கர் சோதனையாவது ஒழுங்காக இருக்க வேண்டும் என்கிறேன்.

கடைசியாக வந்த செய்தி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. குடல் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு ஆஸ்பிரின் சாப்பிட்டால் நோய் திரும்புவது குறையுமா என்பது பழைய கேள்வி. மார்க்கர் பார்க்காமல் எல்லோருக்கும் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த ஆசிய-பசிபிக் நாடுகளின் அஸ்கோல்ட் ஆய்வில் தெளிவான பலன் கிடைக்கவில்லை. 2012இலேயே பாஸ்டன் ஆய்வாளர்கள், பிஐகே3சிஏ என்ற மரபணு மாறிய கட்டி உள்ளவர்கள் ஆஸ்பிரினால் அதிக நாள் வாழ்வதைக் கவனித்திருந்தார்கள். 2025 செப்டம்பரில் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் முன்னின்று நடத்திய அலாஸ்கா ஆய்வு அதைச் சோதனையாகவே செய்து முடித்தது. பரிசோதித்த நோயாளிகளில் 37 விழுக்காட்டினருக்கு அந்த மரபணு வழித்தடத்தில் மாற்றம் இருந்தது. முக்கியமான பிஐகே3சிஏ மாற்றம் உள்ளவர்கள் தினமும் 160 மில்லிகிராம் ஆஸ்பிரினை மூன்று ஆண்டு சாப்பிட்டதில், நோய் திரும்பியவர்கள் 14.1 விழுக்காட்டிலிருந்து 7.7 ஆகக் குறைந்தார்கள். இரத்தக்கசிவு போன்ற பக்கவிளைவு சிலருக்கு உண்டு. வயிற்றுப்புண் உள்ளவர்கள் தாங்களாகத் தொடங்கக் கூடாது.

இருதய நோயாளிகள் தினம் விழுங்கும் அந்த மாத்திரை காரிமங்கலத்து மருந்துக் கடையிலும் கிடைக்கும். மூன்று ஆண்டு மாத்திரையின் மொத்த விலையைவிட, அதை யாருக்குத் தர வேண்டும் என்று சொல்லும் மரபணுச் சோதனைக்குத்தான் செலவு அதிகம். செடுக்சிமாப்புக்கு ராஸ் சோதனையைப் பரப்ப மருந்து நிறுவனங்கள் இருந்தன. ஆஸ்பிரினுக்காக பிஐகே3சிஏ பார்க்கச் சொல்லி எந்த விற்பனைப் பிரதிநிதியும் மருத்துவர் அறை வாசலில் காத்திருக்கப் போவதில்லை. அந்தச் சோதனையைக் காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் சேர்க்கலாமா என்று கணக்குப் போட வேண்டியவர்கள் சென்னையில் இருக்கும் அதிகாரிகள். கணக்குக்கு வேண்டிய எண்களில் ஒன்று, நம் நோயாளிகளில் எத்தனை பேருக்கு அந்த மாற்றம் இருக்கிறது என்பது. மாநிலம் முழுவதையும் தழுவிய புற்றுநோய்ப் பதிவேடு அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் முயற்சியால் நமக்கு இருக்கிறது. அதில் மார்க்கருக்கு ஒரு கட்டம் சேர்த்தால் அந்த எண் சில ஆண்டுகளில் கையில் வரும்.